பூனையை மடத்தில் கொண்டுபோய் விடுவதற்கு முன்னால்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இரண்டு இதழுக்கு முன்னால் வாசகர் கடிதத்தில் ஒரு அம்மா எழுதியிருந்தார், வீட்டு நாய் நாள் முழுக்கப் பூனையைத் துரத்திக்கொண்டே இருக்கிறது, என்ன செய்வதென்றே தெரியவில்லை என்று. போன இதழில் அதற்குப் பதில் எழுதிய அன்பர், அதெல்லாம் தானாகப் பழகிவிடும், பழகாவிட்டால் பக்கத்துப் புத்த மடத்தில் பூனையை விட்டுவிடுங்கள், அங்கே சோற்றுக்குக் குறையில்லை என்று எழுதியிருந்தார். இரண்டுமே தப்பு என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். முதலில் சொன்னதை நம்பி நாங்கள் எங்கள் பூனையைச் சாகும் தறுவாய் வரைக்கும் கொண்டுபோனோம், இரண்டாவதைச் செய்வதற்கு மூடி வைத்த ஒரு மூங்கில் கூடைகூட வாங்கி வைத்திருந்தோம்.

நாங்கள் இருப்பது பஸுண்டாங்கில், நாலாவது மாடி. யாங்கோனில் இருப்பவர்களுக்கு இந்த வீடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அகலம் 12½ அடி, நீளம் 50 அடி, முன்னால் பால்கனி, பின்னால் அடுப்படியும் குளியலறையும், நடுவில் பலகைத் தடுப்பு வைத்த ஒரு அறை, அதை ஒட்டி ஒரு ஆள் நடக்கிற அளவுக்கு வழி. முத்து எங்களிடம் வந்து 6 வருஷம் ஆகிறது. மாடிப்படியில் மழையில் நனைந்து கிடந்த வெள்ளைக் குட்டி, ஒரு காது மட்டும் கறுப்பு. ஷ்வேவா வந்தது போன வருஷத்துக்கு முந்தின வருஷம், கீழ்வீட்டுப் பர்மியக் குடும்பம் மாந்தலேக்குக் குடிபோனபோது விட்டுப்போன நாய். ஷ்வேவா என்றால் பொன்மஞ்சள், நிறமும் அப்படித்தான், அதனால் அவர்கள் வைத்த பெயரை நாங்கள் மாற்றவில்லை. மனிதர்களிடம் தங்கமான குணம். என் மாமியார் காலடியில்தான் படுக்கும், பைரவர் வீடு தேடி வந்திருக்கிறார் என்று அத்தை தன் தட்டிலிருந்தே எடுத்து வைப்பார்.

முத்துவைக் கண்டால் மட்டும் அதற்கு வேறு புத்தி வந்துவிடும். முத்து நடந்தால் பார்க்கும், வேகமாக நடந்தால் எழுந்து நிற்கும், ஓடினால் போச்சு, அடுப்படியிலிருந்து பால்கனி வரைக்கும் தடதடவென்று ஒரே ஓட்டம், நாற்காலி சாயும், தண்ணீர்ச் செம்பு உருளும், கடைசியில் முத்து அலமாரி உச்சியில் நின்று சீறும், இது கீழே நின்று வாலை ஆட்டும். முதல் மாதம் நாங்களும் சிரித்தோம். பெரியவன் போனில் படம் பிடித்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினான். நாயும் பூனையும் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள், நாங்களும் அதையே சொல்லிக்கொண்டோம்.

எங்கள் பால்கனியிலிருந்து தெரு வரைக்கும் ஒரு கயிறு தொங்கும். நுனியில் கிளிப்பு, மேலே ஒரு சின்ன மணி. மீன்கார அம்மா கீழே நின்று கயிற்றை இழுத்தால் மணி அடிக்கும், பையை மாட்டிவிட்டால் நாங்கள் மேலே இழுத்துக்கொள்வோம். அந்த மணி அடித்தால் முத்து எந்த மூலையில் தூங்கினாலும் பால்கனிக்கு வந்துவிடும், கயிறு ஏற ஏற முன்காலால் தட்டிக்கொண்டே நிற்கும், 4 வருஷமாகத் தவறாத வழக்கம். ஒரு நாள் மணி அடித்தது, முத்து வரவில்லை. மறுநாளும் வரவில்லை. பீரோவுக்கு மேலே, பழைய பெட்டிக்கும் கூரைக்கும் நடுவில் இருந்த இடுக்கில் போய் உட்கார்ந்துகொண்டது. வீட்டில் ஓட்டமும் நின்றுவிட்டது. பார்த்தாயா, பழகிவிட்டது என்றார் என் வீட்டுக்காரர், எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

அது பழகவில்லை, நடமாடுவதையே விட்டுவிட்டது. இதை நாங்கள் புரிந்துகொள்ள 2 வாரம் ஆனது. முத்துவின் மணல் தட்டு அடுப்படிக்குப் பின்னால், தண்ணீர்க் கிண்ணமும் அங்கேதான். அது ஏப்ரல் மாதம், வெயிலில் வீடே கொதிக்கிறது, ஷ்வேவாவுக்குக் குளுமையான இடம் அந்தப் பின்பக்கத்துத் தரைதான், நாள் முழுக்க அங்கேயே படுத்துக்கிடந்தது. எங்கள் வீட்டில் பின்னால் போக ஒரே ஒரு வழி. அந்த வழியின் முடிவில் நாய். முத்து தண்ணீர் குடிக்கவும் போகவில்லை, சிறுநீர் கழிக்கவும் போகவில்லை, இரவில் எல்லோரும் தூங்கின பிறகு ஒரு தடவை இறங்கிப் போயிருந்தால் அதிகம்.

பர்மியப் புத்தாண்டான திஞ்சானுக்கு 2 நாள் இருக்கும்போது பார்த்தால் முத்து மணல் தட்டில் போய்ப் போய் உட்காருகிறது. முதுகை வளைத்து முக்குகிறது, ஒன்றும் வரவில்லை, எழுந்து நாலடி நடந்து மறுபடியும் வெறும் தரையிலேயே உட்காருகிறது, அடிவயிற்றைத் தொட்டால் கத்துகிறது. மலச்சிக்கல் என்று நினைத்தோம். மருந்துக் கடையிலும் அதையே சொல்லி எண்ணெய் கொடுத்தார்கள். அதைப் புகட்டிக்கொண்டு ஒரு பகல் முழுக்க வீணாக்கினோம். சாயங்காலம் அது வாந்தி எடுத்ததும்தான் பயம் வந்து, மடத்தில் விட வாங்கி வைத்த அதே கூடையில் போட்டுக்கொண்டு சைக்கா என்கிற சைக்கிள் ரிக்‌ஷாவில் கால்நடை டாக்டரிடம் ஓடினோம். அவர் வயிற்றைத் தொட்ட உடனே சொல்லிவிட்டார், சிறுநீர் அடைத்திருக்கிறது, பை கல்லு மாதிரி இருக்கிறது என்று. மயக்க ஊசி போட்டு மெல்லிய குழாய் விட்டு எடுத்தார், ரத்தம் கலந்து வந்தது. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் சிறுநீரகம் கெட்டிருக்கும், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயமே நின்றிருக்கும் என்றார்.

ஆண் பூனை வைத்திருக்கிற எல்லோருக்கும் இதைச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் ரொம்ப ஒடுக்கம், பயமும் மன அழுத்தமும் நீடித்தால் சிறுநீர்ப் பை வீங்கும், தண்ணீரும் குறைவாகக் குடித்தால் உள்ளே மணல் மாதிரி படிந்து அடைத்துக்கொள்ளும். மணல் தட்டில் முக்கிக்கொண்டு உட்கார்ந்தால் மலச்சிக்கலாக இருக்கும் என்று காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே தூக்கிக்கொண்டு போக வேண்டும். அதே மாதிரி ஒரு பூனை பயத்தில் 2, 3 நாள் சாப்பிடாமல் கிடந்தால், அதுவும் கொஞ்சம் குண்டான பூனையாக இருந்தால், ஈரலில் கொழுப்பு சேர்ந்து அதனாலேயே செத்துக்கூடப் போகலாம். நாய் பட்டினி தாங்குகிற மாதிரி பூனை தாங்காது.

சரி, நாய் ஏன் துரத்துகிறது? கோபத்தால் இல்லை, பொறாமையால் இல்லை. இரை பிடிக்கிற பிராணிக்கு ஒரு வரிசை இருக்கிறது, கவனிப்பது, முறைத்துப் பார்ப்பது, பதுங்கி நெருங்குவது, துரத்துவது, பிடிப்பது, கொல்வது. ஆடு மேய்க்கும் நாய் இந்த வரிசையில் துரத்தலோடு நிற்கும்படி மனிதன் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்தது. நம் தெரு நாயை யாரும் அப்படி வளர்க்கவில்லை, குப்பை பொறுக்கியும் எலி பிடித்தும் பிழைத்த வம்சம். ஓடுகிற சின்ன உருவம் கண்ணில் பட்டால் கால் தானாக எழும். ஒவ்வொரு ஓட்டமும் அதற்கு இனிப்பாக இருக்கிறது, பிடிக்காவிட்டாலும் இனிப்புத்தான். அதனால்தான் விட்டுவிட்டால் ஓய்ந்துவிடும் என்பது நடக்காது. பத்து தடவை தடுத்து ஒரு தடவை விட்டாலும் அந்த ஒரு தடவையை நினைத்துக்கொண்டு அது மறுபடியும் காத்திருக்கும்.

குரைக்கிற நாய் கடிக்காது என்று நாம் ஆறுதலுக்குச் சொல்வோம். பூனை விஷயத்தில் பயப்பட வேண்டியது குரைக்காத நாய்க்குத்தான். விளையாடக் கூப்பிடுகிற நாய் முன்னங்காலைத் தாழ்த்திப் பின்பக்கத்தைத் தூக்கும், வாய் திறந்திருக்கும், உடம்பு நெளியும். ஷ்வேவா அப்படிச் செய்யவில்லை. வாயை மூடிக்கொள்ளும், காது முன்னால் வரும், ஒரு முன்னங்கால் தரையிலிருந்து ஒரு விரல் உயரம் எழுந்து அப்படியே நிற்கும், கண் சிமிட்டாது, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் காது கூட அசையாது. டாக்டர் கேட்ட முதல் கேள்வியே அதுதான், ஓடுவதற்கு முன்னால் நாய் எப்படி நிற்கிறது என்று.

முத்து வீடு திரும்பினதும் முதல் வேலையாக வழியை மாற்றினோம். ஒரு பூனை இருந்தால் இரண்டு மணல் தட்டு வேண்டுமாம், பூனையின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டிக்கொள்ள வேண்டும், அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கக் கூடாது. ஒன்றைப் பால்கனி மூலைக்குக் கொண்டுவந்தோம். தண்ணீரை மேலே வைத்தோம், சோறும் மேலே, அரிசி ட்ரம்மின் மூடியில். அப்புறம் தச்சரைக் கூப்பிட்டுச் சுவரோரமாகப் பலகை அடித்தோம். பால்கனியிலிருந்து அடுப்படி வரைக்கும் தரையில் கால் படாமல் முத்து போய்வரலாம். இந்த மாதிரி ஒடுங்கின வீட்டில் பூனைக்குத் தரையில் இரண்டாவது வழி கொடுக்க முடியாது, சுவரில்தான் கொடுக்க முடியும். பூனைக்கு எதையும் சொல்லிக்கொடுக்க முடியாது என்று பக்கத்து வீட்டு அண்ணன் சிரித்தார். இன்லே ஏரி மடத்தில் ஒரு காலத்தில் பூனைகளை வளையத்துக்குள் தாவ வைத்தார்களே, அதைப் பார்க்கவே உலகமெங்கிருந்தும் ஆள் வந்தார்களே. முத்துவுக்குப் பலகையைப் பழக்க 4 நாள், அவ்வளவுதான், ஒவ்வொரு அடிக்கும் ஒரு துணுக்கு மீன் வைத்தோம்.

நாயைப் பழக்க 4 மாதம் ஆனது. வீட்டுக்குள்ளேயே கழுத்துப் பட்டையில் 6 அடிக் கயிறு கட்டிக் கையில் பிடித்துக்கொண்டோம். அடிக்கவே கூடாது, இதை அத்தையிடம் சொல்லிப் புரியவைப்பதற்குத்தான் ரொம்பக் கஷ்டப்பட்டோம், ஏனென்றால் பூனையைப் பார்க்கும்போதெல்லாம் அடி விழுந்தால் பூனை வந்தால் வலி வரும் என்றுதான் நாய் கற்றுக்கொள்ளும், அப்புறம் அது விளையாட்டாகக்கூடத் துரத்தாது, வெறுத்துத் துரத்தும். இன்னொரு சிக்கல், நாங்கள் ஆளுக்கொரு பாஷையில் அதட்டிக்கொண்டிருந்தோம். அது பர்மிய வீட்டில் வளர்ந்த நாய், 'லா' என்றால் வரும், 'தைன்' என்றால் உட்காரும், நான் தமிழில் வேண்டாம் என்பேன், பிள்ளைகள் நோ என்பார்கள், எதுவும் அதற்கு உறைக்கவில்லை. கடைசியில் எல்லோரும் ஒரே வார்த்தை என்று முடிவு செய்தோம், 'பாரு'. நாய் பால்கனியில், முத்து அடுப்படிப் பலகையில். நாய் பூனையைப் பார்த்த மாத்திரத்தில், அந்த முறைப்பு வருவதற்கு முன்னால், 'பாரு' என்று சொல்லி வாயில் ஒரு துண்டு அவித்த கோழி. முறைப்பு வந்துவிட்டால் நாம் தாமதித்துவிட்டோம் என்று அர்த்தம், நாயைக் குறை சொல்லாமல் இன்னும் தள்ளிப் போக வேண்டும். எங்கள் தரையில் ஓர் அடி ஓடு, அதுவே அளவுகோல். 38 ஓட்டில் ஆரம்பித்தோம். நாள் நன்றாக இருந்தால் ஒரு ஓடு முன்னால், இல்லாவிட்டால் இரண்டு ஓடு பின்னால்.

வெளியே ஓடவிட்டுக் களைப்பாக்குங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். யாங்கோன் தெருவில் அது சுலபமில்லை, ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு நாய்க் கூட்டம் காவல் காக்கிறது, புது நாயை உள்ளே விடாது. விடிகாலை ஒரு நடை நடந்துவிட்டு, மிச்சத்துக்கு வீட்டுக்குள்ளேயே வேலை வைத்தோம். கோழித் துண்டுகளைப் பழைய பத்திரிகைத் தாளில் சுருட்டி அங்கங்கே ஒளித்து வைத்தால் முகர்ந்து முகர்ந்து தேடிக் கண்டுபிடிக்கும், அரை மணி நேரம் அப்படித் தேடினால் படுத்துத் தூங்கிவிடும். (கறிக் குழம்பில் ஊறின சோற்றை நாய்க்கும் பூனைக்கும் வைப்பவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். வெங்காயமும் பூண்டும் அவற்றின் ரத்த அணுக்களை உடைக்கும், பூனைக்கு இன்னும் மோசம்.)

எல்லாம் ஒழுங்காகப் போகவில்லை. 16 ஓடு வரைக்கும் வந்திருந்தோம். மழைக்காலம், சாயங்காலம் கரண்ட் போயிருந்தது, மெழுகுவர்த்தி தேடி எடுக்கிற அவசரத்தில் சின்னவள் நடுக்கதவைத் திறந்து விட்டாள். இருட்டில் முத்துவுக்குக் கண் தெரியும், எங்களுக்குத் தெரியாது, சத்தம்தான் கேட்டது. ஷ்வேவாவின் மூக்கில் நீளமாக ஒரு கீறல், கண்ணுக்கு ஒரு விரல் தள்ளி. முத்துவின் இடுப்பில் மிளகு அளவுக்கு ஒரு துளை. சின்னக் காயம்தான், மஞ்சள் வைத்தால் போதும் என்றார் அத்தை. நல்ல வேளையாக விடவில்லை. டாக்டர் முடியை மழித்துப் பார்த்தால் இன்னும் 2 துளை இருந்தது, உள்ளே சதை நசுங்கி நீலம் பாய்ந்திருந்தது. நாய்ப் பல் பட்ட இடம் வெளியே சின்னதாகத்தான் தெரியும். வலிக்கிறதே என்று மனுஷனுக்குக் கொடுக்கிற பாரசிட்டமாலில் பாதியை உடைத்துக் கொடுக்கலாமா என்று கேட்டேன், கொடுத்திருந்தால் அதுவே கொன்றிருக்கும் என்றார். பூனைக்கு அந்த மாத்திரை விஷம். ஷ்வேவாவுக்கும் முத்துவுக்கும் வெறிநோய்த் தடுப்பூசி ஏற்கெனவே போட்டிருந்ததால் அந்தப் பயம் மட்டும் இல்லை. போடாதவர்கள் வீட்டில் நாய், பூனை, குழந்தை என்று கடியும் கீறலும் சுற்றி வருவது எவ்வளவு ஆபத்து என்று யோசியுங்கள். கடித்தாலோ கீறினாலோ சோப்பும் தண்ணீரும் விட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு உடனே ஊசிக்குப் போக வேண்டும், சுண்ணாம்பு தடவிக்கொண்டு உட்காரக் கூடாது.

மறுபடியும் 38 ஓட்டிலிருந்து ஆரம்பித்தோம்.

இப்போது மடத்து விஷயம். பொங்கிகள் என்கிற புத்த பிக்குகள் பிச்சைப் பாத்திரத்தில் வருவதிலிருந்து பங்கு போட்டு அத்தனை ஜீவன்களையும் காப்பாற்றுகிறார்கள், அந்தக் கருணையைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் ஊரார் விட்டுப்போன பூனைகள் மட்டுமா அங்கே இருக்கின்றன, ஊரார் விட்டுப்போன நாய்களும் அங்கேதான் இருக்கின்றன. வீட்டில் ஒரு நாய்க்குப் பயந்து சாகிற பூனையை ஒரு கூட்டத்துக்கு நடுவில் கொண்டுபோய் இறக்குகிறோம், அதுவும் ஏறி ஒளிய ஒரு பீரோ கூட இல்லாத இடத்தில். இந்த நாட்டிலிருந்து 1930இல் ஜோசப் தாம்சன் என்ற டாக்டர் சான்பிரான்சிஸ்கோவுக்கு வாங் மாவ் என்ற ஒரு பழுப்புப் பூனையைக் கொண்டுபோனார், இன்றைக்குப் பர்மியப் பூனை என்று சொல்லி உலகம் விலை கொடுத்து வாங்குகிற இனத்துக்கு அந்த ஒன்றுதான் தாய். அதை வளர்த்த மண்ணில் நாம் கூடையில் போட்டுக் கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறோம்.

எல்லா நாயும் மாறும் என்று நான் சொல்லவில்லை. ஏற்கெனவே ஒரு பூனையைக் கொன்ற நாய், எவ்வளவு தள்ளி நிறுத்தினாலும் கண்ணை எடுக்காத நாய், அதை வைத்துச் சோதனை செய்யாதீர்கள். கதவு போட்டு இரண்டையும் பிரித்தே வையுங்கள், முடியாவிட்டால் தெரிந்தவர் வீட்டில், நாய் இல்லாத வீட்டில், பேசி ஒப்படையுங்கள். குட்டியிலேயே சேர்த்து வளர்த்தால் இந்தப் பாடே இல்லை, நாய்க்குட்டிக்கு 3 வாரத்திலிருந்து 14 வாரம் வரைக்கும், பூனைக்குட்டிக்கு 2 வாரத்திலிருந்து 7 வாரம் வரைக்கும் பார்த்துப் பழகியதெல்லாம் சொந்தம். அந்த வயது தாண்டினவற்றுக்குத்தான் இவ்வளவு பொறுமை வேண்டியிருக்கிறது.

எங்கள் வீட்டில் இப்போது 3 ஓட்டு தூரத்தில் இரண்டும் படுத்திருக்கின்றன. கொஞ்சிக் குலவவில்லை, அது எங்களுக்கு வேண்டியதும் இல்லை. முத்து நடந்துபோனால் ஷ்வேவா பார்க்கும், பார்த்துவிட்டுத் தானாகவே என் முகத்தைத் திரும்பிப் பார்க்கும், நான் 'பாரு' என்று சொல்வதற்கு முன்னாலேயே. முதல் தடவை அப்படித் திரும்பினபோது கையில் கோழித் துண்டு இல்லை, தட்டிலிருந்த என் மீன் துண்டை முள் எடுத்துக் கொடுத்தேன். மணி அடித்தால் முத்து பலகை வழியாகப் பால்கனிக்கு வந்துவிடுகிறது. நாங்கள் எல்லோரும் வெளியே போகிற நாளில் மட்டும் இன்றைக்கும் நடுக்கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டுத்தான் போகிறோம்.

கடிதம் எழுதிய அந்த அம்மாவுக்குப் பலகையின் அளவு சொல்லிவிடுகிறேன். 9 அங்குல அகலம், தரையிலிருந்து ஐந்தரை அடி உயரம், வழுக்காமல் இருக்க மேலே பழைய சாக்கை இழுத்து ஆணி அடித்துவிடுங்கள். ஏறுவதற்கு ஒரு இடம், இறங்குவதற்கு வேறு ஒரு இடம், இரண்டும் கட்டாயம் இருக்க வேண்டும். ஒன்றே ஒன்று வைத்தால் நாய் அதன் கீழேயே படுத்துக் காத்திருக்கும், எங்கள் தச்சர் முதலில் அப்படித்தான் அடித்துக்கொடுத்தார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பஸுண்டாங், யாங்கோன்